மணி நாக்குக்குத் தோல் கட்டிய ஞாயிறு

1

போன சனிக்கிழமை பக்கத்து நகரமான விட்பியில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போயிருந்தோம். எல்லா வீடுகளும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கிற புதுத் தெரு. பிழையான கதவு ஒன்றைத் தட்டி, ஒரு சீனக் கிழவரை நித்திரையால் எழுப்பிவிட்டுத்தான் சரியான வீட்டைக் கண்டுபிடித்தோம். சாப்பாட்டு நேரம் எனக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அண்ணை, டவுன்ரவுனில் வேலை செய்பவர், ஞாயிற்றுக்கிழமை ஓவர்ரைம் செய்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேலை கூடப் பரவாயில்லை. பக்கத்துச் சேர்ச்சிலை மணி அடிக்கிறாங்கள் பாருங்கோ. ஒரு பாட்டும் இல்லை, ஒரு தாளமும் இல்லை. ஆரோ விசர் பிடிச்சவன் படியாலை சட்டி பானையை உருட்டி விட்ட மாதிரி."

நான் கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தேன். எதிரில் இருந்த என் கணவர் யோகன், "தொடங்கப் போறா" என்று மெல்லச் சொல்லிவிட்டு இன்னொரு வடை எடுக்க எழுந்து போய்விட்டார்.

"அண்ணை, அந்த விசர் பிடிச்ச ஆக்களிலை ஒராள் நான்" என்றேன்.

அதன் பிறகு பாவம் அந்த மனுசன் சாப்பிடவில்லை. அவருடைய சோறு ஆறி, பருப்பு கட்டிபட்டு, பாயசமும் வந்து முடிந்த பிறகுதான் நான் ஓய்ந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் யோகன் சொன்னார்: "உந்தக் கதையை எழுதும். ஊரிலை இருக்கிற ஆக்களாவது வாசிக்கட்டும். இப்பிடி ஒவ்வொருத்தராப் பிடிச்சு வைச்சுச் சொன்னீரெண்டால் எங்களை ஒருத்தரும் கூப்பிட மாட்டினம்."

வருகிற ஞாயிறோடு அந்த ஞாயிறுக்கு ஒரு வருடம் ஆகிறது. ஆகவே எழுதுகிறேன்.

2

நான் ஓர் இன்சூரன்ஸ் கம்பனியில் கம்பியூட்டரில் விபரம் பதிகிற வேலை செய்கிறேன். நாள் முழுக்க எண்கள். ஒரு புதன்கிழமை வேலை முடிந்து பஸ் தரிப்புக்கு நடந்தபோது, பக்கத்துத் தெருவில் இருந்த பழைய ஆங்கிலத் தேவாலயத்தின் கோபுரத்திலிருந்து மணிச் சத்தம் வந்தது. இங்கிலாந்திலிருந்து புதிதாக மணிகள் வந்து இறங்கியிருந்த காலம் அது. முதலில் எனக்கும் விட்பி அண்ணைக்குப் பட்டது போலத்தான் பட்டது. ஆனால் வாசலில் நின்று கேட்கக் கேட்க ஏதோ ஒன்று பிடிபட்டது. மெல்லிய குரல் மணியிலிருந்து தடித்த குரல் மணி வரை ஒழுங்காக இறங்குகிறது. அடுத்த தடவை இரண்டு மணிகள் இடம் மாறுகின்றன. அதற்கடுத்த தடவை வேறு இரண்டு. ஒருமுறை அடித்த வரிசை மறுமுறை வரவில்லை. எண்களோடு பிழைப்பு நடத்துகிறவளுக்கு இது விளங்காமல் போகுமா. பஸ்ஸை விட்டேன். அடுத்த பஸ்ஸையும் விட்டேன்.

கோபுர வாசலில், பழக விரும்புகிறவர்கள் மேலே வரலாம் என்று எழுதிய ஒரு மட்டை தொங்கியது. சுழன்று சுழன்று போகிற கல் படி. மூச்சு வாங்க மேலே ஏறி, கதவடியில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். பயிற்சிக்கு நடுவில் எல்லோரும் ஒரு மூலையில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வட்டமாகக் கயிறுகள் தொங்கின. ஒவ்வொரு கயிற்றிலும் கை பிடிக்கிற இடத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாய்க் கம்பளி தடிப்பாகப் பின்னியிருந்தது.

கோயிலுக்குள் போகிறவள் என்ன செய்வாள். தலைக்கு மேலே மணி இருக்கிறது, கயிறு கைக்கு எட்டுகிறது. ஒருதரம் இழுத்துவிட்டுக் கும்பிடுவோம் என்று கை தானாகப் போனது.

"தொடாதே" என்று ஒரு பெண் போட்ட சத்தத்தில் என் கை அந்தரத்தில் நின்றது.

அவள்தான் ஹெலன். அந்தக் கோபுரத்துக்குத் தலைவி. என்னை விட இளையவள், ஆஸ்பத்திரியில் நேர்ஸ். ஓடி வந்து என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். மேலே அந்த மணி வாயை வானத்துக்குக் காட்டியபடி தலைகீழாக நிற்கிறதாம். அடிப்பதற்கு முன் அப்படித்தான் நிறுத்தி வைப்பார்களாம். ஒரு இழுப்பு இழுத்தால் மணி முழுச் சுற்றுச் சுற்றும். கயிற்றைப் பிடித்திருப்பவளுக்குத் தெரியாவிட்டால் அவளையும் முகட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும்.

எனக்குக் கோபம் வந்தது. மணியைக் கண்டால் அடிக்கக் கூடாது என்று சொல்ல இவள் யார் என்ற கோபம். "அப்ப எப்படித் தொடுறதெண்டு காட்டு" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஹெலன் என் வெறுங்காலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அடுத்த புதன்கிழமை வா" என்றாள்.

3

இப்படித்தான் புதன்கிழமை என்னுடைய கிழமையானது. அன்றைக்கு யோகன் புட்டு அவிப்பார். புட்டு என்று சொல்வது மரியாதைக்கு. எங்கள் மகள் அபி அதைச் சீனி போட்டு சீரியல் மாதிரிப் பால் விட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பதின்மூன்று வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், ஆங்கிலத்தில் கேட்டால் தோளைக் குலுக்குவது. "அம்மா, ப்ளீஸ், என்ரை ஃபிரெண்ட்ஸுக்குச் சொல்லாதைங்கோ" என்பது மட்டும் அவள் மணியைப் பற்றிச் சொன்ன கருத்து.

இந்த மணிகளுக்கு இரண்டு இழுப்பு. முதல் இழுப்பில் கம்பளியைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். கயிறு மேலே பறக்கும். அதன் வால் மட்டும் கையில் இருக்கும். இரண்டாவது இழுப்பு அந்த வாலால். அது முடியக் கம்பளி திரும்பி இறங்கி வரும். வருகிற வேகத்தில் ஏந்திப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்தால் மணி ஒரு இடம் பிந்தும், கொஞ்சம் முந்தினால் ஒரு இடம் முந்தும். ஒரே தாவலில் அதற்கு மேல் போக முடியாது. ஆகவே ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியோடு மட்டுமே இடம் மாறும். எழுதி வைத்த எதையும் பார்த்து அடிப்பதில்லை. அவரவர் பாதை அவரவர் தலைக்குள். மற்றவர்களின் கயிறு இறங்குகிற ஒழுங்கைக் கண்ணால் பிடித்து, உன் கயிற்றை அதற்குள் விட வேண்டும். வாய் திறக்கிற வேலையே இல்லை. இந்த நாட்டில் நான் ஆங்கிலம் பிழைக்காமல் இருக்கிற ஒரே இடம் அதுதான்.

ஆனால் என் கை கோயிலில் பழகிய கை. எங்கள் பிள்ளையார் கோயிலில் தீபாராதனை நேரம் காண்டாமணி, சேமக்கலம், சங்கு, மேளம் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து, சுடர் மேலே போகப் போக வேகம் கூடி, கடைசியில் காது அடைக்கும். எங்களுக்கு எல்லாம் ஒன்றாய் அடித்தால்தான் பூசை. இவர்களுக்கு இரண்டு மணி ஒன்றாய் விழுந்தாலே பிழை. ஒரு புதன்கிழமை முதல் தடவையாகப் பிழையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சந்தோசத்தில் எனக்குள் அந்தத் தீபாராதனை எழும்பிவிட்டது. என்னையறியாமல் இழுவை கூடிக்கொண்டே போனது. திடீரென்று மேலே மரம் முறிகிற சத்தம். கயிறு என் கையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. "விடு" என்று ஹெலன் கத்தினாள். விட்டேன். கயிறு பாம்பு மாதிரி அறை முழுக்கச் சுழன்றடித்தது.

மணி அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கிற மரக்கட்டையை முறித்திருந்தேன். அழுகை வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு தரமாவது கட்டை முறிக்காதவன் மணிக்காரன் இல்லையாம். ஹெலன் புதுக்கட்டை பூட்டிக்கொண்டே கேட்டாள், "எதற்கு அந்த அவசரம்?" தீபாராதனையை என்னால் இயன்ற ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டாள். பிறகு தன்னுடைய ஊரைச் சொன்னாள். இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமம், ஆறு மணி, தகப்பன் வாழ்நாள் முழுக்க அங்கே மணி அடித்தவர். அவளுக்கு அங்கே கயிற்றைப் பிடிக்கிறபோது கால் வைக்க ஒரு பெட்டி தேவைப்பட்டதாம். வேலைக்காக இங்கே வந்து, மணி இல்லாத இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியாமல் வருடக்கணக்காக இருந்தாளாம்.

வெள்ளைக்காரியும் எங்களைப் போல வந்தேறிதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

4

இதற்குள் ஸ்காபரோ முழுக்கக் கதை பரவிவிட்டது. யோகனின் அக்கா பவானி மச்சாள் ரெலிபோன் எடுத்தார்.

"வத்சலா, உண்மையைச் சொல்லும். நீர் சேர்ச்சிலை சேர்ந்து வேதத்துக்கு மாறிட்டீரோ?"

"இல்லை மச்சாள். மணி மட்டும்தான் அடிக்கிறன்."

"அவையள் சும்மாவே அடிக்க விடுறினம்?"

பக்கத்தில் நின்ற அபி ரிசீவரை வாங்கி, "மாமி, இட்ஸ் நொட் சேர்ச். இட்ஸ் மத்ஸ்" என்றாள். எனக்காக அவள் வாயைத் திறந்தது அதிசயம். மச்சாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பிள்ளை படிப்பைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று அடங்கிவிட்டார்.

அந்த மாசி மாதம் ஹெலனுடைய தகப்பன் இறந்துபோனார். அவள் விமான நிலையத்துக்குப் போனாள். பனிப்புயல். ஓடுபாதை எல்லாம் மூடிக்கிடந்தது. இரண்டு இரவு நாற்காலியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவளால் போகமுடியாமலே அங்கே அடக்கம் முடிந்தது.

அடுத்த பயிற்சியில் அவள் எங்களிடம் ஒன்று கேட்டாள். அவளுடைய ஊர் மணிக்காரர்கள் ஒரு ஞாயிறு இரவு ஏழு மணிக்குத் தகப்பனுக்காக அடிக்கப் போகிறார்கள். அப்போது இங்கே பின்னேரம் இரண்டு மணி. அதே நேரம் நாங்களும் தொடங்கி, அதே வரிசைகளை, முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் அடிக்கலாமா? அவள் போகமுடியாத செத்த வீட்டுக்குப் பதில் அதுதான்.

சாவுக்கு அடிக்கிறபோது மணி நாக்கின் ஒரு பக்கத்துக்கு மட்டும் தோல் கட்டுவார்கள். ஒரு இழுப்பு உரத்துக் கேட்கும். அடுத்த இழுப்பு அதே மணி எங்கோ தூரத்திலிருந்து பதில் சொல்வது போல் கேட்கும்.

முக்கால் மணி நேரம் நின்று பிடிக்கக்கூடியவர்கள் எங்களுக்குள் ஆறே பேர். ஆறாவது ஆள் நான். மிகச் சின்ன மணி, முதலாவது. நான் போகாவிட்டால் அது நடக்காது.

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் பவானி மச்சாளின் மகள் துர்க்கா பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. அவளுடைய ஒரே தாய்மாமனின் பெண்சாதி நான். தண்ணீர் வார்ப்பதும் நான், ஆலாத்தி எடுக்கிற முதல் கையும் நான்.

யோகனுக்குச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். "நேரம் ஒத்துவரும். காலமை பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டரைக்கு முடிஞ்சிடும். ஆனா சாவுக்கு அடிக்கிற சாமணி எண்டு அக்காவுக்குத் தெரிஞ்சுதெண்டால் உம்மை மட்டுமில்லை, என்னையும் சேர்த்து எடுத்தெறிவா. மங்கலமான காரியம் செய்த கை."

அது எனக்கும் தெரியும். நான் ஒன்றும் துணிச்சல்காரி இல்லை. ஆனால் என் அப்பா செத்தபோது நாங்கள் ஒரு பேஸ்மென்றில் இருந்தோம். யாழ்ப்பாணத்துக்குப் பாதையும் இல்லை, ரெலிபோனும் இல்லை. கொழும்பிலிருந்து ஒரு சொந்தக்காரர் எடுத்துச் சொன்னபோது அப்பாவின் எட்டாம் நாள் சடங்கும் முடிந்திருந்தது. பாதை இருந்தாலும் போயிருக்க முடியாது. அகதி வழக்கு முடியாமல் நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர ஏலாது என்று லோயர் சொல்லியிருந்தார். மேலே வீட்டுக்காரர் நித்திரை கொள்கிற நேரம் என்று வாயைத் தலையணைக்குள் புதைத்து அழுதேன். யோகன் பாக்டரி வேலையால் வந்து சேரும்வரை தனியாக.

ஆகவே ஹெலனுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

5

தமிழ் ஆட்களின் மண்டபத்தில் பத்து மணி என்றால் பதினொன்று. அன்றைக்கு ஐயர் வேறொரு கலியாணத்திலிருந்து பனிக்குள் வந்து சேரவே பதினொன்றரை. அதன் பிறகு வீடியோக்காரர். அவர் துர்க்காவை ஊஞ்சலில் இருத்தி, புகை விட்டு, அந்தப் புகை கலையும்வரை எங்களை நிறுத்தி வைத்தார். நான் காஞ்சிபுரச் சேலையில், ஆலாத்தித் தட்டோடு, மண்டபத்துச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன். பன்னிரண்டே முக்கால். ஆலாத்தி தொடங்கவில்லை. ஒன்று. ஒன்றே கால்.

பவானி மச்சாள் பக்கத்தில் வந்தார். "என்ன, வேர்த்து வழியுது? எங்கை அவசரம்?"

"மணி அடிக்கப் போகோணும் மச்சாள்."

"இண்டைக்குமோ? ஆற்றையும் கலியாணமோ?"

கலியாணம் என்று சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். நாக்கு நுனியில் வந்து நின்றது. என்னவோ, ஆலாத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"இல்லை மச்சாள். செத்ததுக்கு."

மச்சாளின் முகம் கறுத்தது. "உந்தத் தட்டை ஏந்தின கையாலை சாமணி அடிக்கப் போறீரோ? என்ரை பிள்ளையின்ரை சடங்கு நாளிலை?"

"எங்கடை ஹெலனின்ரை தகப்பன். அவ போகேலாமல் போச்சு மச்சாள். பிளேன் ஓடேல்லை. அங்கை எல்லாம் முடிஞ்சுது."

மச்சாள் ஊஞ்சலைப் பார்த்தார். என் மாமனார், அதுதான் யோகனுக்கும் மச்சாளுக்கும் தகப்பன், வன்னியில் இடம்பெயர்ந்து போன இடத்தில் செத்தவர். இவர்கள் இரண்டு பேரும் அப்போது இங்கே. அந்த மண்டபத்தில் சோறு சாப்பிடக் காத்திருந்தவர்களில் பாதிப் பேரிடம் கேட்டால் இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

"தம்பி" என்று மச்சாள் வீடியோக்காரரைக் கூப்பிட்டார். "உந்தப் புகையை நிப்பாட்டும். முதல்லை மாமியின்ரை ஆலாத்தி. அவ போகோணும்."

பிறகு என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காமல், "தலையிலை தண்ணி வார்க்காமல் என்ரை வீட்டுப் பக்கம் வந்திடாதையும்" என்றார். அவர் கோபமாகத்தான் சொன்னார். ஆனால் என் பனி ஜக்கெற்றைக் கொண்டுவந்து தோளில் போட்டுவிட்டவரும் அவர்தான்.

6

யோகன் பட்டு வேட்டியோடு கார் ஓடிய வேகத்தைப் பொலிஸ் கண்டிருந்தால் இந்தக் குறிப்பு வேறு மாதிரி முடிந்திருக்கும். கோபுர வாசலில் அவசர விளக்கைப் போட்டுவிட்டு என்னை இறக்கினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் கல் படியில் இரண்டு இரண்டாக ஏறினேன். மேலே ஐந்து பேரும் கயிற்றடியில் நின்றார்கள். என் கயிறு மட்டும் தனியே தொங்கியது. ஹெலன் என் காஞ்சிபுரத்தையும், பூவையும், நெற்றியில் இருந்த பெரிய குங்குமத்தையும் பார்த்தாள். நான் வளையல்களைக் கழற்றி யன்னல் கட்டில் வைத்து, முந்தானையை இடுப்பில் இறுக்கி, வெறுங்காலோடு நின்றேன். இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது.

முதலாவது மணிதான் தொடங்க வேண்டும். இழுத்தேன்.

இதைத்தான் விட்பி அண்ணைக்கு நான் எப்படிச் சொல்வேன். ஆறு மணியும் கணீர் என்று வரிசையாய் இறங்குகின்றன. உடனே அதே ஆறும் அங்கே, கடலுக்கு அப்பால், மெல்லமாய் இறங்குகின்றன. திரும்பவும் இங்கே. திரும்பவும் அங்கே. நான் முன்னுக்கிருந்து ஒவ்வொரு மணியையும் தாண்டிப் பின்னுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். ஒவ்வொரு முறையும் வேறொருவரின் கயிற்றுக்குப் பின்னால் என் கயிறு. தோள் எரிகிறது. வயிற்றில் காலையில் குடித்த தேத்தண்ணீர் மட்டும். ஆனால் உடம்பில் ஒரு வேகம். வேலையும் வீடும் மச்சாளும் வழக்கும் எதுவும் தலைக்குள் நுழைய இடமில்லை, ஒரு நொடி விட்டால் ஆறு பேரின் உழைப்பும் கொட்டிப்போகும். நான் அவ்வளவு சந்தோசமாக இந்த நாட்டில் இருந்ததில்லை. செத்த வீட்டில் சந்தோசம் என்று எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். உண்மை அதுதான்.

பாதி வழியில் ஹெலனைப் பார்த்தேன். வரிசை மாறுகிற இடங்களில் குரல் கொடுக்க வேண்டியவள் அவள். குரல் ஒரு தரமும் பிந்தவில்லை. கண்ணீர் மட்டும் தாடையால் இறங்கி உடுப்பை நனைத்துக்கொண்டிருந்தது. மணி அடிக்கிறவளுக்குக் கண் துடைக்கக் கை இல்லை. நாங்களும் பார்க்காதவர்கள் போல் அவளுடைய கயிற்றை மட்டும் பார்த்தோம்.

ஆறும் மறுபடி ஒழுங்காய் இறங்கின. ஹெலன் நிறுத்தச் சொன்னாள். எல்லா மணியும் தலைகீழாய் நின்றன. ஹெலன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பா இருந்திருந்தால் மூன்றாவது மணி இரண்டு இடத்தில் பிந்தியது என்று சொல்லியிருப்பார்" என்றாள். மூன்றாவது மணியை அடித்தவர், "மூன்று இடத்தில்" என்றார்.

நான் வளையலை எடுக்கப் போனேன். என் அப்பாவின் கதை தெரிந்த ஹெலன் என்னைக் கூப்பிட்டாள். அவளுடைய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்.

"தோல் இன்னும் கழற்றவில்லை. உன்னுடைய அப்பாவுக்கு யாரும் அடித்தார்களா?"

என் அப்பா மூன்று நேரமும் திருநீறு பூசுகிற சைவப்பழம். பக்கத்து ஊர் மாதா கோயில் மணி அடித்தால் சுவர் மணிக்கூட்டைத் திருத்தி வைப்பார். மற்றபடி அந்த மணியோடு அவருக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். யாரும் அடிக்கவில்லை.

"பெயர் என்ன?"

சொன்னேன். ஐந்து வெள்ளைக்காரரும் ஒவ்வொருவராக அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் சரியாக வரவில்லை. பிறகு எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். இடம் மாறாமல், கணக்கில்லாமல், ஒன்றிலிருந்து ஆறு வரை நேரே இறங்குகிற அடி மட்டும். கொஞ்ச நேரம்தான். அழுதேன், இந்தத் தரம் நான் வாயை மூடவில்லை. அந்தக் கல் சுவருக்குள், ஆறு மணிச் சத்தத்துக்குள், என் குரல் ஒருவருக்கும் கேட்டிருக்காது.

கீழே இறங்கி வந்தபோது காரின் கண்ணாடியில் பார்க்கிங் ரிக்கற் செருகியிருந்தது. யோகன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. காருக்கு வெளியே, பனிச் சேற்றுக்குள், ஜக்கெற் இல்லாமல், தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக நின்றார். எங்கள் ஊர் ஒழுங்கையால் பிரேதம் போகிறபோது ஆம்பிளைகள் அப்படித்தான் நிற்பார்கள்.

"ரெண்டாம் தரம் அடிச்சது உம்மடை அப்பாவுக்குத்தானே?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.